பின்சீட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினர்

போலீஸிடம் அபராத டிக்கெட் வாங்கியவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடுவதுதான் அந்த வக்கீலின் தொழில். வேகமாக ஓட்டியவர், சிவப்பு விளக்கைத் தாண்டியவர், ஓட்டிக்கொண்டே போன் பேசியவர் எல்லோரும் அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் இருந்த அவருடைய மாடி ஆபீசுக்கு வருவார்கள். நான் அவரிடம் டிரைவராகச் சேர்ந்தேன். வேகமாக ஓட்டி ஓட்டி அவருடைய லைசென்ஸையே ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்திருந்தார்கள்.

அவர் இதற்கு வெட்கப்படவில்லை. தன்னிடம் வருகிறவர்களின் கஷ்டம் தனக்குத் தெரியும் என்பார்.

ஆறு மாதம் கழித்து லைசென்ஸ் திரும்ப வந்தது. அவர் பின்சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. பழகிவிட்டது. என்னையும் அனுப்பவில்லை. இப்படித்தான் நான் ஆறு வருடமாக அவருக்கு வண்டி ஓட்டுகிறேன். அந்த ஆறு வருடத்தில் அவர் வக்கீலாக இருந்து சட்டமன்ற உறுப்பினர் ஆகி, மேல்சபைக்கும் போய்விட்டார். நான் அதே சீட்டில்தான் இருந்தேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். என் அக்கா பார்சிப்பனியில் இருக்கிறாள். மச்சானுக்கு அங்கே கம்பெனி வேலை. என்னை இங்கே கூப்பிட அக்கா போட்ட மனு வருடக்கணக்கில் கிடந்தது. அது கையில் வருவதற்குள் என் மகளுக்கு இருபத்தொன்று தாண்டிவிட்டது. இருபத்தொன்று தாண்டினால் பிள்ளைக் கணக்கில் வராதாம். நானும் என் மனைவியும் மட்டும் விமானம் ஏறினோம். மகள் அவளுடைய பெரியம்மா வீட்டில் நின்றாள்.

வந்து இறங்கியதும் மகளுக்கு மனு போட்டேன். இதில் ஒரு சட்டம் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவன் கல்யாணம் ஆகாத மகளைத்தான் கூப்பிடலாம். அவளுக்குக் கல்யாணம் ஆன நிமிடம் மனு செத்துப்போகும். அப்பன் சிட்டிசன் ஆகிவிட்டால் கல்யாணம் ஆன மகளையும் கூப்பிடலாம். சிட்டிசனுக்கு விண்ணப்பம் போட ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். ஆக, நான் சிட்டிசன் ஆகும்வரை என் மகள் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது.

பெண் கேட்டு வந்தவர்களுக்கு என் மனைவி போனில் இதை விளக்குவாள். பாதிப் பேர் புரியாமல் போனார்கள். மீதிப் பேர் புரிந்துகொண்டு போனார்கள். ஒரு குடும்பம் மட்டும் காத்திருக்கிறோம் என்றது. பையனுக்கு ஊரில் செல்போன் கடை.

வக்கீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய வாழ்க்கை வரலாறு எனக்கு மனப்பாடம். ஒன்றல்ல, ஏழெட்டு வரலாறு. துறைமுகத் தொழிலாளிகள் கூட்டத்தில் அவருடைய தாத்தா கப்பலில் மூட்டை இறக்கினார். டீச்சர்கள் கூட்டத்தில் அவருடைய அம்மா பள்ளிக்கூடத்தில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் என்னவாக இருந்தார் என்று சொன்னதில்லை. இந்தியர்கள் கூட்டத்தில் தாத்தா கையில் ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். டாக்சிக்காரர்கள் கூட்டத்தில் அதே தாத்தா டாக்சி ஓட்டினார். பாவம், அந்தத் தாத்தா ஓயாமல் உழைத்திருக்கிறார்.

உண்மையான வரலாறு வண்டியில் மட்டும் வரும். சாயங்கால வகுப்பில் சட்டம் படித்தாராம். வக்கீல் பரீட்சையில் இரண்டு தடவை ஃபெயிலானாராம். மூன்றாம் தடவை தேறினாராம். நகரசபைக்கு நின்று தோற்றாராம். அன்றைக்கு அவருடைய மனைவியே ஓட்டுப் போடப் போகவில்லையாம். இதை எந்தக் கூட்டத்திலும் அவர் சொன்னதில்லை. இதுதான் கேட்க நன்றாக இருக்கும்.

பேச்சை முதலில் என்னிடம் பேசிப் பார்ப்பார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். முடித்துவிட்டு, புரிந்ததா என்பார். புரிந்தது என்பேன். உனக்கே புரிந்தால் எல்லோருக்கும் புரியும் என்பார். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்.

பெயர் ஞாபகம் இல்லாதவர்களை எல்லாம் 'மை ஃப்ரெண்ட்' என்று கூப்பிடுவார். முதல் ஒரு வருடம் நான் மை ஃப்ரெண்ட்.

ஆனால் கோர்ட்டில் கெட்டிக்காரர். அதை மறைக்கக்கூடாது. நீதிபதி சிரித்துவிடுவார், போலீஸ்காரரும் சிரித்துவிடுவார், டிக்கெட் பாதியாகிவிடும். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்த கிழவிகளுக்குச் சும்மாவே வாதாடுவார். அதைப் போட்டோ எடுக்கச் சொல்வார். வாதாடியது வாதாடியதுதான்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் அவர் சட்டமன்றத்துக்கு நின்றார். அவரிடம் ஒரு தமிழர் வந்து ஒட்டிக்கொண்டார். பாங்க்குக்கு கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர், தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். எங்கள் ஆட்கள் ஓட்டு மொத்தமும் உங்களுக்கு என்று வக்கீலிடம் சொல்லிவிட்டார். வக்கீலுக்குக் கண் கலங்கியது. அவருக்கு நினைத்த நேரத்தில் கலங்கும்.

ஹால் பிடித்தார்கள். பேனர் கட்டினார்கள். அதில் வக்கீல் படத்தைவிடச் செயலாளர் படம் கொஞ்சம்தான் சின்னது. வக்கீலுக்கு மஞ்சள் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை மப்ளர் மாதிரி கழுத்தில் சுற்றிக்கொண்டார். குழந்தைகள் டான்ஸ் ஆடின. வாசலில் ஒரு மேசையில் பிரியாணிக் கூப்பன். பக்கத்து மேசையில் வாக்காளராகப் பதியும் ஃபாரம்.

ஹால் நிறைந்த கூட்டம். வக்கீல் என் காதில், இவ்வளவு ஓட்டா என்றார். எனக்கும் அப்போது தெரியாது. அங்கே வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலை விசாவில் இருப்பவர்கள். மீதியில் பாதிப் பேர் கிரீன் கார்டு. ஓட்டு உள்ளவர்கள் எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்தால் ஒரு மேசை நிறைந்திருக்கும். ஊரில் தலைவர் வந்தால் கூட்டம் காட்டுவோம். அதே மாதிரி இங்கேயும் காட்டிவிட்டோம். கூட்டத்துக்கும் ஓட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் யோசிக்கவில்லை. தலைவர் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கமும் எங்களிடம் இல்லை.

ஃபாரம் மேசையில் ஆள் இல்லை. போட்டோக்காரர் தயாராக நின்றார். வக்கீல் சுற்றிப் பார்த்து என் தோளில் கை போட்டார். என் டிரைவரே முதலில் பதியட்டும் என்றார். செயலாளர் ஓடி வந்தார். பெட்டிகளில் அவரே டிக் போட்டார்.

"பாய், நீங்கதான் ஃபர்ஸ்ட். நீங்க போட்டா பின்னாடியே எல்லாரும் வந்துருவாங்க. இங்க ஒரு சைன் போடுங்க."

வக்கீல் விரலை நீட்டி இடத்தைக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். ஊரில் பத்திர ஆபீசில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் போடுவோம். வக்கீல் காட்டும் இடத்தில் போடாமல் அதைப் படித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. வேறு ஒரு காரணமும் உண்டு. ஊரில் வோட்டர் கார்டு இல்லாதவனுக்கு சிம் கார்டு கிடையாது, காஸ் கிடையாது. இது இருந்தால்தான் ஆள் ஆள் என்று கணக்கு. வந்து இரண்டு வருடத்தில் இந்த நாட்டிலும் எனக்கு அது கிடைக்கிறது என்று நினைத்தேன்.

எனக்குப் பின்னாடி யாரும் வரவில்லை. படித்தவர்கள் ஃபாரத்தைப் படித்தார்கள். படித்துவிட்டு பிரியாணிப் பக்கம் போனார்கள்.

சில வாரத்தில் தபாலில் கார்டு வந்தது. லேமினேட் பண்ணி வைத்துக்கொண்டேன். அந்தப் போட்டோவை வக்கீல் பெரிதாக அச்சடித்து வீடு வீடாகத் தபாலில் அனுப்பினார். கழுத்தில் பொன்னாடை, நீட்டிய விரல், குனிந்து கையெழுத்துப் போடும் நான். 'எல்லோருடைய குரலும்' என்று மேலே போட்டிருந்தது. ஆபீஸ் சுவரில் சட்டம் போட்டும் மாட்டினார்.

தேர்தல் அன்று காலை முதல் கடைசிச் சாவடி மூடும்வரை அவரைச் சாவடி சாவடியாகக் கொண்டுபோய் இறக்கினேன். எனக்கு ஓட்டுப் போட நேரம் இல்லை. அவர் ஜெயித்தார். எங்கள் ஓட்டில்தான் ஜெயித்தார் என்று செயலாளர் ஊர் முழுக்கச் சொன்னார்.

பிறகு மாநிலத் தலைநகர் டிரென்டனுக்குப் போக வர வாழ்க்கை ஓடியது. சட்டமன்றத்தில் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. வண்டியில் என்ன செய்தார் என்று தெரியும். தூங்கினார். ஒரு பாலத்துக்கு யாருடைய பெயரை வைப்பது என்று ஒரு வருடம் முழுக்கப் போனில் பேசினார். கடைசியில் பழைய பெயரே இருக்கட்டும் என்று முடிவானது. அதற்கும் ஒரு விழா வைத்தார்கள். அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். இப்போது என் பெயர் அவருக்குத் தெரியும்.

ஐந்து வருடம் முடிந்தது. அதே சமயம் அவர் மேல்சபைக்கு நின்றார். நான் சிட்டிசன் விண்ணப்பம் போட பார்சிப்பனிக்குப் போனேன். அக்கா மகள் காலேஜில் படிக்கிறாள். அவள்தான் கம்ப்யூட்டரில் நிரப்பினாள். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். கேள்வியை வாசிப்பாள், நான் தலையாட்டுவேன். எப்போதாவது வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வந்தது. நான் பெருமையாகப் பர்ஸைத் திறந்து லேமினேட் கார்டை எடுத்து நீட்டினேன்.

அவள் பார்த்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, பிளீஸ் டெல் மீ யூ டிட்ன்ட் சைன் திஸ்."

சிட்டிசன் மட்டும்தான் பதியலாம். ஃபாரத்தில் முதல் பெட்டியே அதுதான். நான் சிட்டிசன் என்று டிக் போட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மச்சான் டிவியை அணைத்தார். அக்கா அழுதாள். நான் கார்டைத் திரும்பப் பர்ஸில் வைத்தேன். வேறு எங்கே வைப்பது.

குடியேற்ற வழக்கு மட்டும் பார்க்கும் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. நான் தெரிந்தே பொய் சொன்னேன் என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் சிட்டிசன் கிடையாது, கிரீன் கார்டும் போகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். நான் போனால் மகள் மனுவும் போகும். ஓட்டுப் போடாதது நல்லது என்றார். பதிவை ரத்து பண்ணச் சொன்னார். அப்புறம், கையெழுத்துப் போடச் சொன்னவர் எழுதித்தர வேண்டும், இந்த ஆளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, நான் காட்டினேன், அவர் போட்டார் என்று. யார் அவர் என்று கேட்டார். சொன்னேன். வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

மறுநாள் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் போகும்போது வக்கீலிடம் விஷயத்தைச் சொன்னேன். ஓட்டுப் போட்டாயா என்றார். இல்லை என்றேன். நல்லது என்றார். போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

அடுத்த நாள் ஆபீஸ் சுவரில் போட்டோ இல்லை. ஆணி இருந்தது.

மறுபடி கேட்டேன். ஜூன் முடியட்டும் என்றார். ஜூனில் கட்சிக்குள் தேர்தல். ஜூன் முடிந்தது. நவம்பர் முடியட்டும் என்றார். நவம்பரில் பெரிய தேர்தல். சிட்டிசன் அல்லாதவனைத் தானே கூப்பிட்டுப் பதியவைத்தார் என்று எதிர்க்கட்சிக்குத் தெரிந்தால் வீட்டுக்கு வீடு அவர்கள் அந்தப் போட்டோவை அனுப்புவார்கள். அச்சடிக்கும் வேலைகூட மிச்சம். எனக்கும் புரிந்தது. மனிதருக்குப் பதவி. எனக்கு மகள்.

செயலாளரைக் கேட்டேன். தான் அன்றைக்கு ஹாலிலேயே இல்லை என்றார். பேனரில் மட்டும்தான் இருந்தாராம்.

என் மனைவி ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"மாப்பிள்ளை வீட்ல கேட்டுட்டாங்க. இந்த வருஷமும் இல்லேன்னா வேற பாத்துக்குறோம்னு சொல்லிட்டாங்க. புள்ளைக்கு இருபத்தெட்டு ஆவுது, என்னாங்க. உங்க வக்கீலு என்னதான் சொல்றாரு?"

"நவம்பர்ங்குறாரு."

"அந்தாளோட பொண்ணா இருந்தா நவம்பரும்பாரா?"

சாப்பிட்டேன்.

அது ஒரு சனிக்கிழமை. மதியம் முதியோர் குடியிருப்பு ஒன்றில் அவருக்கு விருந்து, பேச்சு. பின்சீட்டில் பேப்பரை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தாத்தா எந்த வேலையில் இருந்தார் என்று ஞாபகம் இல்லை. திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை. இரண்டு சிக்னல் தாண்டித்தான் அவர் கவனித்தார். வழி தப்பிவிட்டது என்றார். தப்பவில்லை என்றேன்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் வாசலில் நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன். போர்டைப் பார்த்தார். புரிந்துவிட்டது. இப்போது நேரம் இல்லை, விருந்துக்குக் காத்திருக்கிறார்கள் என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்கென்று இரண்டு நாளாக இங்கிலீஷில் ஒரு வார்த்தை தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"சார். மை டாட்டர், டுவென்டி எய்ட்."

அதற்கு மேல் எனக்கு அன்றைக்கு இங்கிலீஷ் வரவில்லை.

கதவு பூட்டியிருக்கவில்லை. அவர் இறங்கிப் போயிருக்கலாம். போனில் தட்டினால் இரண்டு நிமிடத்தில் வேறு வண்டி வரும். போகிற வழியில் என்னை வேலையை விட்டு அனுப்பியும் இருக்கலாம். அதையும் யோசித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். வேலை போனால் வேறு வேலை. போனைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஓட்டுக்குக் கலங்கிய கண் அன்றைக்குக் கலங்கவில்லை.

கடைசியில், அந்தக் காகிதம் எங்கே என்றார்.

மாடிக்குப் போனோம். வக்கீலம்மா முன்னாலேயே இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் போட்டால் போதும். வக்கீல் நின்றபடியே படித்தார். முகம் மாறியது. இதை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றார் வக்கீலம்மா. வக்கீல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பேனா கேட்டார். முதல் வரியிலிருந்து அடித்தார்.

ஒரு வக்கீல் எதையும் பொறுத்துக்கொள்வார் போலிருக்கிறது, இன்னொரு வக்கீல் எழுதியதைப் பொறுக்கமாட்டார். கோட்டைக் கழற்றினார். மூன்று பக்கம் எழுதினார். விருந்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எழுதி முடித்ததும் எழுந்து நின்று, நீதிபதி எதிரில் இருக்கிற மாதிரி சத்தமாக வாசித்தார். நான் கூப்பிட்டேன், நான் விரலை நீட்டினேன், இவர் என் விரலை நம்பினார், நீ சிட்டிசனா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டியது வக்கீலாகிய என் கடமை. எனக்கே புரிந்தது. வண்டிக் கண்ணாடி வழியாக இல்லாமல் என் எதிரிலேயே அவர் பேசி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வக்கீலம்மா குறை சொல்லவில்லை. டைப் அடித்தார். வக்கீல் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார்.

திரும்பும்போது, நேராகக் கேட்டிருக்கலாமே என்றார். நாலு தடவை கேட்டிருந்தேன். சரி சார் என்றேன்.

அந்த மூன்று பக்கத்தோடு விண்ணப்பம் போனது. நேர்காணலில் அதிகாரி ஒரு சின்னப் பெண். மூன்று பக்கத்தையும் படித்தாள். மூன்றாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். கார்டை வாங்கிப் பார்த்தாள், ஏன் லேமினேட் பண்ணியிருக்கிறது என்று கேட்டாள். நனையாமல் இருக்க என்றேன். ஓட்டுப் போட்டீர்களா என்றாள். இல்லை. ஏன் போடவில்லை. அவருக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. இப்போது முடிவு சொல்ல முடியாது என்று அனுப்பிவிட்டாள்.

நவம்பர் வந்தது. எதிர்க்கட்சிக்கு எதுவும் தெரியவில்லை. யாரும் தேடவில்லை. ஜூனிலிருந்து அவர் பயந்தது ஒன்றுமே நடக்கவில்லை. மேல்சபைக்கு ஜெயித்தார். செயலாளர் பொன்னாடையோடு வந்தார். இந்தத் தடவை பச்சை.

அதற்கு அடுத்த மாதம் எனக்குக் கடிதம் வந்தது. அக்கா மகளைப் போனில் கூப்பிட்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். அப்ரூவ்ட் என்றாள். மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்குப் போன் போட்டாள். போனை வாங்கி மகளிடம் நான் சொன்னேன். "சரி அத்தா" என்றாள். பிறகு அவள் பெரியம்மாதான் பேசினார்கள். அவள் அழுகிறாள் என்றார்கள்.

வக்கீல் இப்போது புது பேச்சு ஒன்று பேசுகிறார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கூட்டத்தில் பேசுகிறார். எனக்குத் தெரிந்த ஒரு மனிதர் ஒரு ஃபாரத்தில் மாட்டிக்கொண்டார், அவருக்காக என் பதவியைப் பணயம் வைத்தேன் என்கிறார். விரலை யார் நீட்டியது என்பது அதில் வராது. கூட்டம் எழுந்து கை தட்டுகிறது. நான் கடைசியில் கதவு பக்கம் நிற்பேன். நானும் தட்டுவேன். பணயம் வைத்தது உண்மைதானே. ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க வைத்தார்.

நான் உறுதிமொழி எடுத்துச் சிட்டிசன் ஆனதும் நிக்காஹுக்கு நாள் குறித்தார்கள். செல்போன் கடைக்காரர்தான் மாப்பிள்ளை. லீவு கேட்டேன். வக்கீல் உடனே கொடுத்தார். டிக்கெட் எடுக்கப் போனபோது மச்சான் சொன்னார், நீ இப்போது அமெரிக்கன், இந்தியா போக விசா வேண்டும் என்று. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டுமாம். புது பாஸ்போர்ட் வந்தபிறகு மறுபடி அக்கா மகளின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பிறந்த ஊர் கேட்டது. வருகையின் காரணம் கேட்டது. இந்தியாவில் உங்களைத் தெரிந்தவர் யார், பெயர், முகவரி, போன் நம்பர் என்று கேட்டது. மகள் பெயரைச் சொன்னேன். முகவரிக்கு அவள் பெரியம்மா வீட்டைச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு அது மாறும், இருக்கட்டும் என்றேன். இந்தத் தடவை ஒவ்வொரு பெட்டியையும் அக்கா மகளை வாசிக்கச் சொல்லி, தமிழில் அர்த்தம் கேட்டு, அப்புறம்தான் அமுக்கச் சொன்னேன். அரை நாள் ஆனது.

நாலு நாளில் விசா வந்தது. முப்பது நாள் தங்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். ஒரு கல்யாணத்துக்கு அது தாராளம்.